சூசை மிக்கேல் தண்டல் பார்க்காத வெள்ளி

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, ஆபீஸில் நான் கணக்கு எழுதும் மேஜையில் கொழும்புத் தபால் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். லாசர் வந்து ஆபீஸ் வாசலில் நின்றான். எங்கள் முதலாளியின் தோணியில் பாய் ஏற்றி இறக்குகிறவன் அவன். வழக்கமாக நேரே உள்ளே வந்து, பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவான். அன்று படியில்கூடக் கால் வைக்கவில்லை. "ரைட்டரே, நம்ம தண்டல் போயிட்டாரு. காய்ச்சல் கூடி, விடியுமுன்ன முடிஞ்சிட்டு" என்றான். கோயில் மணி விட்டு விட்டு அடிப்பது அதற்குப் பிறகுதான் என் காதில் விழுந்தது.

நீங்கள் என் முகத்தில் காறித் துப்பினாலும் சரி, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் செய்தியைக் கேட்டதும் எனக்கு முதலில் அழுகை வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. ஒரு நிமிஷம்தான். களக்காட்டு மலையில் நடந்தது தெரிந்த ஒரே மனிதர் போய்விட்டார், இனிமேல் அதை யாரும் கிளற மாட்டார்கள் என்று என் பாழும் மனசு முந்திக்கொண்டது. அப்புறம்தான் கையில் இருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது. லாசர் அதைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டு, என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தான்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது, நம் சங்கத்துக் கையெழுத்துப் பத்திரிகையை நடத்துகிறவர் என்னை வழிமறித்தார். தண்டலைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தாரும், உம்மைவிட அவருக்கு யார் நெருங்கின சிநேகிதர் என்றார். சரி என்று தலையாட்டினேன். மூன்று முறை எழுதி மூன்று முறை கிழித்தேன். நல்ல வார்த்தைக்குப் பஞ்சமில்லை. எழுதுகிற கைதான் நல்ல கையாக இல்லை.

சூசை மிக்கேல் தண்டலை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இந்தத் துறையில் தோணியின் தலைவனுக்குத் தண்டல் என்று பெயர். இருபது வருஷத்துக்கு மேல் கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் சரக்குத் தோணி ஓட்டிய தண்டல் அவர். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வயது. அவர் ஆடியில் பிறந்தார், நான் ஆவணியில். அந்த ஒரு மாதத்தை வைத்துக்கொண்டு அவர் பண்ணிய அதிகாரம் கொஞ்சமல்ல. தேநீர்க் கடையில் முதல் குவளை அவருக்குத்தான் வர வேண்டும். "மூத்தவன் இருக்கேம்லா" என்பார்.

எங்களைச் சேர்த்து வைத்தது வெள்ளிதான். கடலோரத்தில் நட்சத்திரத்தை வெள்ளி என்றுதான் சொல்வார்கள். யுத்த காலத்தில் துறைமுகத்தில் இருட்டடிப்பு வந்தபோது, ஊர் முழுக்கச் சபித்துக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் கொண்டாட்டம். மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, இரவல் வாங்கிய ஒரு புத்தகத்தில் படித்ததை வானத்தில் தேடிப் பிடிப்பேன். மறுநாள் தண்டலிடம் போய் அளப்பேன். அவர் பீடியை இழுத்துக்கொண்டு கடைசிவரை கேட்பார். பிறகு, "பேரெல்லாம் நல்லாத்தான் சொல்லுதீரு. அது எத்தன மணிக்கு எங்கன நிக்கும்னு கேட்டா முழிக்கீரு" என்பார். உண்மைதான், முழிப்பேன். ஆனாலும் வாயை மூட மாட்டேன்.

யுத்தம் முடிந்ததும் விளக்குகள் திரும்ப வந்தன. என் மொட்டைமாடி வானம் மங்கிப்போயிற்று. நான் புலம்பிக்கொண்டு திரிந்த அந்த மாசியில்தான் எங்கள் தோணிக்குப் புதுப் பாய்மரம் தேவைப்பட்டது. பாய்மரத்துக்கு மலைக்காட்டுப் புன்னை மாதிரி வராது. நெட்டையாக, கணு இல்லாமல், வளையாமல் நிற்கும். களக்காட்டு மலையில் மரம் வெட்டும் குத்தகைக்காரர் ஒருவர், ஆள் வந்து பார்த்து அடையாளம் போட்டால் வெட்டித் தருகிறேன் என்று எழுதியிருந்தார். மரம் பார்க்கத் தண்டல், கூடமாட லாசர், காகிதங்களைக் காட்டிக் கையெழுத்து வாங்க நான் என்று முதலாளி மூன்று பேரை அனுப்பினார். உண்மையில் காகிதத்துக்கு நான் போக வேண்டிய அவசியமே இல்லை. மலையில் விளக்கு கிடையாது, வானம் கருகருவென்று இருக்கும் என்பதற்காக நானே கெஞ்சிக் கூத்தாடி ஒட்டிக்கொண்டேன்.

களக்காட்டிலிருந்து மூன்று மணி நேரம் ஏறினோம். முதல் மலைவரிசையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால் பழைய கூப்பு ஒன்று இருந்தது. மரங்களை முன்பே வெட்டிவிட்ட இடம். நாலு பக்கமும் காடும் மலையும் நிற்க, நடுவில் ஒரு களம்போல வெட்டவெளி, பக்கத்தில் ஓடை. அங்கேதான் ஓலைச் சார்ப்பு ஒன்று போட்டுத் தங்கினோம். காட்டு வாச்சர் ஒருவர் யானைக்காகப் பெரிய கட்டைகளை அடுக்கித் தீ மூட்டினார். லாசர் கொண்டுவந்திருந்த சீலாக் கருவாட்டைச் சுட்டான். அந்த வாசத்துக்கு யானை வராது, வந்தாலும் ஓடிப்போகும் என்று வாச்சர் மூக்கைப் பிடித்துக்கொண்டே சொல்லிவிட்டு, இரண்டு துண்டு கூடுதலாக வாங்கித் தின்றார்.

அன்று இருட்டியதும் பார்த்த வானத்தை நான் எழுதினால் கெட்டுப்போகும். வெட்டிப்போட்ட ஒரு மரத்தின் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டோம். கடலில் இரவெல்லாம் நனைந்தாலும் தும்மாத தண்டல், அந்தக் குளிருக்குப் பழைய பாய்த்துணி ஒன்றைக் கழுத்துவரை சுற்றிக்கொண்டு பல்லைக் கடித்தார். முதலில் வடக்கே தலையைத் திருப்பித் தேடினார். நம் ஊரில் வடவெள்ளி, அதாவது துருவ நட்சத்திரம், கடல் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்கும். அங்கே வடக்கு மலை அதை மறைத்துவிட்டது. "வடவெள்ளி இல்லாம நங்கூரம் போடாத தோணி மாதிரி இருக்குவே" என்றார். தலையை நேராக்கி உச்சி வானத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இத்தன வருசமா வேலைக்குத்தான் வெள்ளி பாத்திருக்கேன். ஒரு நாளும் சும்மா பாத்ததில்ல. இன்னைக்குத்தான் சும்மா பாக்கேன்." அவர் குரல் அவ்வளவு மெத்தென்று இருந்து நான் கேட்டதில்லை.

மறுநாள் விடியுமுன் குளிரில் சுருண்டு கிடந்த என்னை அவர் தட்டினார். கிழக்கு மலையின் முகட்டில் விடிவெள்ளி அப்போதுதான் தலைகாட்டிக்கொண்டிருந்தது. வானம் அதற்குள் வெளுக்கத் தொடங்கிவிட்டது. "பாத்தீரா வே? நம்ம ஊர்ல இது தண்ணிக்குள்ள இருந்து எந்திக்கும். இங்கன மலையில்லா மறிச்சிக்கிட்டு நிக்குது. இது ஏறி வாரதுக்குள்ள விடிஞ்சே போயிரும். கடக்கரைக்காரன் இங்கன வெள்ளி பாத்தா ஏமாந்துதான் போவான்" என்று சொல்லிச் சிரித்தார். நான் போர்வைக்குள்ளிருந்து "உம்" என்றேன். அவர் சொன்னது என் காதில் விழுந்தது. விழவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அன்று காலையே மரம் கிடைத்துவிட்டது. கோடரியின் பின்பக்கத்தால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, ஏழு மரங்களைத் தள்ளிவிட்டு எட்டாவதில் கையை வைத்தார். அடையாளம் போட்டாயிற்று. மதியமே இறங்கியிருக்கலாம். இறங்கத்தான் வேண்டும் என்றார் தண்டல். ஊரில் தோணி பழைய பாய்மரத்தோடே வெங்காயமும் வத்தலும் ஏற்றித் தயாராக நின்றது. மறுநாள் மாலைக்குள் ஊர் சேர்ந்து, அதற்கடுத்த விடியலில் கரையிலிருந்து வீசும் காற்றோடு பாய் எடுத்துப் புறப்பட வேண்டும். நான்தான் பிடிவாதம் பிடித்தேன். இன்னும் ஒரே ஒரு ராத்திரி, விடியுமுன் இறங்கிவிடலாம், களக்காட்டில் ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால் போதுமே என்றேன். என் அப்பாவின் பைக்கடிகாரம் சட்டைப் பையில் இருந்தது. அதைத் தட்டிக் காட்டி, "மூன்றரைக்கு நான் எழுப்புகிறேன். கடிகாரம் இருக்கும்போது என்ன பயம்?" என்று சவடால் அடித்தேன். லாசர் அப்போது ஓடையில் குளித்துக்கொண்டிருந்தான். அவர் என் முகத்தைப் பார்த்தார். குழந்தை மிட்டாய்க்கு நிற்பதுபோல நின்றிருப்பேன் போலிருக்கிறது. "சரிவே, ஒமக்காக" என்றார்.

முந்தின இரவு அவர் சரியாகத் தூங்கவில்லை. அன்று பத்து மணிபோலக் கண் செருகியது. "எழுப்பிருவீருல்லா?" என்று இன்னொரு தரம் கேட்டார். நான் சற்றுக் கோபமாகவே "எழுப்புவேன் ஐயா, தூங்கும்" என்றேன். படுத்த மாத்திரத்தில் குறட்டை. லாசர் ஏற்கெனவே தூங்கியிருந்தான். வாச்சரும் தீக்குப் பக்கத்தில் சாய்ந்துவிட்டார்.

அந்தக் கடிகாரத்துக்குத் தினமும் மாலை ஆபீஸைப் பூட்டும்போது சாவி கொடுப்பது என் வழக்கம். பத்து வருஷப் பழக்கம். மலையில் பூட்டுவதற்கு ஆபீஸ் இல்லை. முதல் நாள் எப்படியோ நினைவு வந்தது. இரண்டாம் நாள் வானத்தைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் மறந்தே போனேன். வெகுநேரம் கழித்துத் தீ வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தால் பதினொன்று பத்து. இன்னும் வெகுநேரம் கழித்துப் பார்த்தேன். அப்போதும் பதினொன்று பத்து.

அப்போதே தண்டலை எழுப்பியிருக்கலாம். ஒரு கண்ணைத் திறந்து மேலே பார்த்து, இன்ன மணி என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்திருப்பார். அதற்கு என் வீம்பு இடம் கொடுக்கவில்லை. கடிகாரத்தைத் தட்டிக் காட்டியவன் அது நின்றுவிட்டது என்று போய்ச் சொல்லுவதா? விடிவெள்ளி மூன்றரைக்கு எழும் என்று என் மொட்டைமாடியில் பார்த்துத் தெரிந்து வைத்திருந்தேன். அது எழுந்ததும் எழுப்பிவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை என்று கிழக்கையே பார்த்துக்கொண்டு குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தேன். நான் கடற்கரைக்காரன். வெள்ளி என்றால் தண்ணீரிலிருந்து எழும் என்றே பழகியவன். மலை முகட்டில் அது வெளிவந்தபோது, மூன்றரை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு எழுந்தேன். எழுந்து திரும்பிய பிறகுதான், மரங்களின் இலை தனித்தனியாகத் தெரிவதைக் கண்டேன். முந்தின நாள் அவர் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

எழுப்பினேன். தண்டல் வானத்தை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார், மூட்டையைக் கட்டினார். விழுந்தடித்துக்கொண்டு இறங்கினோம். நடக்கிற நடையில், யாரும் பார்க்காதபோது, கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, உத்தேசமாக முள்ளைத் திருப்பி வைத்தேன். களக்காட்டில் பஸ் போய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அடுத்த பஸ் மறுநாள்தான். மாட்டு வண்டியும் ரயிலுமாக மாறி மாறி ஊர் வந்து சேர்ந்தபோது, பாய் எடுக்க வேண்டிய விடியல் தாண்டி மதியமாகிவிட்டது. அன்று மாலையே வாடைக்காற்று மறுபடி எழும்பி, எட்டு நாள் ஒரு தோணியும் நகரவில்லை. வெங்காயம் மூட்டைக்குள்ளேயே முளைவிட்டு நாறியது.

முதலாளி எங்கள் மூன்று பேரையும் வரிசையாக நிற்க வைத்துக் கேட்டார். அவர் என்னைத்தான் முதலில் கேட்டார்: "கையில கடிகாரம் இருந்துச்சில்லா, பெறகு எப்படிப் பிந்திச்சி?" மறந்துவிட்டேன், என் தப்பு என்று இரண்டு வார்த்தை. அதற்கு நாக்கு புரளவில்லை. பத்து வருஷ வேலை, வீட்டில் கல்யாணத்துக்கு நின்ற பெண், எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்தன. நான் சொன்னேன்: "மலைக் குளிருக்குக் கடிகாரம் பிசகும், வெள்ளியைப் பார்த்துத்தான் எழுப்பணும்னு தண்டல் சொன்னார். அவர் காட்டின வெள்ளி எழுந்ததும் எழுப்பினேன்."

சொல்லும்போது என் சட்டைப் பையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. தண்டல் என் சட்டைப் பையைப் பார்த்தார். அதன் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். பிறகு தரையைப் பார்த்து, "ஆமா முதலாளி. எனக்குத்தான் பெசகிட்டு" என்றார்.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். தோணி வேறு தண்டலின் கைக்குப் போயிற்று. வெள்ளி பார்க்கத் தெரியாத தண்டல் என்று கடற்கரையில் பேச்சானது. வேறு முதலாளிகளும் அவரைக் கூப்பிடவில்லை. சங்கு குளிக்கிற படகு ஓட்டப் போனார். காலையில் போய் மதியம் திரும்பும் வேலை, முழுக்கப் பகல் வெளிச்சத்தில். அவர் தேர்ந்தெடுத்த புன்னை மரம் இரண்டு மாதம் கழித்து வந்து தோணியில் ஏறியபோது, கூப்பிடாமலே வந்து, அடிமரம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனார். நான் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வெளியே வரவில்லை.

என்னோடு அவர் பேச்சை நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பேன். நிறுத்தவில்லை. கிறிஸ்மஸுக்கு வழக்கம்போல வீட்டுக்குக் கூப்பிட்டார். முதல் குவளைத் தேநீர் வழக்கம்போல அவருக்கே வேண்டும் என்றார். ஒரு நாள் கடையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது, "தண்டல், அன்னைக்கு மலையில..." என்று தொடங்கினேன். குவளையைக் கீழே வைத்தார். "விடும்வே. ஒமக்கு அந்த ஆபீஸ விட்டா வேற என்ன தெரியும்? எனக்குன்னா கடல் கெடக்கு" என்றார். அவர் விடச் சொன்னார். நானும் பெருமூச்சு விட்டுக்கொண்டு சந்தோஷமாக விட்டுவிட்டேன். மூன்று வருஷம் அந்தச் சந்தோஷத்திலேயே சோறு தின்றேன், தூங்கினேன், பெண்ணைக் கட்டிக்கொடுத்தேன்.

அவர் இறந்த பிறகும் வாயைத் திறக்காமலே இருந்திருப்பேன். ஆனால் இப்போது முதலாளி இரண்டாவது தோணி ஒன்று வாங்கியிருக்கிறார். அதற்குத் தண்டல் தேடும்போது, தண்டலின் மகன் அந்தோணியின் பெயர் வந்தது. அந்தோணியைத் தெரியாதவர் உண்டா? கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். பத்து வருஷமாகச் சுக்கான் பிடிக்கிறவன். அப்பனிடம் வெள்ளி பார்க்கப் படித்தவன். முதலாளி சிரித்தார். "அப்பன் பாத்த வெள்ளியைத்தான மகனும் பாப்பான்?" என்று சொல்லிவிட்டு, வேறு பெயரை எழுதச் சொன்னார். பேனா என் கையில் இருந்தது. எழுதாமல், மை தீர்ந்துவிட்டது என்று சொல்லி வெளியே வந்தேன். மை தீரவில்லை. அதுவும் பொய்தான்.

நேரே தண்டலின் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஞானம்மாள் கறுப்புச் சேலையில் முற்றத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கடிகாரம், வீம்பு, முதலாளி முன்னால் சொன்னது, ஒன்று விடாமல். திட்டுவார்கள், அழுவார்கள், அரிவாள்மணையைத் தூக்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஞானம்மாள் கையைக்கூட நிறுத்தவில்லை.

"அவுக வந்த அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டாக. நீரா வந்து ஒரு நாளு சொல்லுவீருன்னு மூணு கிறிஸ்மஸ் ஒமக்கு எல போட்டாக" என்றார்கள். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்கள். "எனக்குத் தெரியும் ரைட்டரே. தெரியாதவுகளுக்குப் போயிச் சொல்லும்."

அதனால்தான் நாலு நல்ல வார்த்தை கேட்ட பத்திரிகைக்கு இதை எழுதுகிறேன். இதன் நகல் ஒன்றை இன்று காலை முதலாளியின் மேஜையில் வைத்துவிட்டேன். என் வேலை என்ன ஆகும் என்று தெரியவில்லை. அந்தோணியின் வேலை என்ன ஆகும் என்பதுதான் இப்போது என் கவலை. அதை உங்கள் கையிலும் ஒப்படைக்கிறேன்.

தண்டலிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது ஒன்று இருக்கிறது. பாய்த்துணியைச் சுற்றிக்கொண்டு, வெட்டிப்போட்ட மரத்தின் மேல் மல்லாந்து படுத்து, "இன்னைக்குத்தான் சும்மா பாக்கேன்" என்று அவர் சொன்ன அந்த முதல் ராத்திரி. அதற்காகத்தான் அவர் எனக்கு இரண்டாவது ராத்திரியைக் கொடுத்தார் என்று நினைக்கிறேன். முதலாவதை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. ஆனாலும் விட மனசு வரவில்லை.

கடற்கரையில் இனி இந்தப் பேச்சு வந்தால் இப்படிச் சொல்லுங்கள். களக்காட்டு மலையில் அன்று வெள்ளி பார்த்துக்கொண்டிருந்தவன் நான். சூசை மிக்கேல் தண்டல் என் பேச்சை நம்பித் தூங்கிக்கொண்டிருந்தார்.